காதர் பாயும் கானமயிலும்

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைச் சிரிக்க வைப்பதற்குள்ளேயே எங்கள் தொழிலில் தாவு தீர்ந்துவிடும். இந்த லட்சணத்தில் பறவையைப் படம் எடுக்கக் கிளம்பினவனை என்னவென்று சொல்ல? புதருக்குள் குப்புறக் கிடந்து, முழங்கையில் முள் ஏறி, கடைசியில் வெறுங்கிளையைப் படம் பிடித்து வந்த புண்ணியவான்கள் யாராவது இதை வாசித்தால், கவலைப்படாதீர்கள், நானும் உங்கள் கூட்டம்தான்.

திண்டுக்கல்லில் நான் ஸ்டுடியோ வைத்தது அறுபதுகளின் தொடக்கத்தில். என்னை இதில் இழுத்துவிட்டவர் எதிர்க்கடை காதர் பாய். தோல் வியாபாரி, கழுத்தில் எப்போதும் ஒரு பைனாகுலர். வேடசந்தூர்ப் பக்கத்துப் பொட்டலில் கானமயிலைப் பார்த்ததாக ஒருநாள் முக்கு டீக்கடையில் சொல்லித் தொலைத்தார். வெள்ளைக் கழுத்து, கறுப்புக் கொண்டை, ஆள் இடுப்பு உயரம். "பாய் பாத்தது வான்கோழியா இருக்கும்" என்றார் டீ மாஸ்டர். கடையே சிரித்தது. அன்றைக்கு எழுந்து வந்தவர்தான். "படம் பிடிச்சு அந்தாளு முன்னால வைக்காம, அந்தக் கடை டீ என் தொண்டையில எறங்காது தம்பி" என்றார். டீ என்றால் உயிரை விடுகிற மனிதர். எனக்கே பாவமாக இருந்தது.

கம்பம் எங்கிட்டு?

முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சைக்கிளில் கிளம்பிவிடுவோம். ஒரு தடவை, ஒரு கிராமத்துக்கு வெளியே பாய் பைனாகுலரை வைத்து எட்டுத் திக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முக்காலியை விரித்துக் கேமராவை மாட்டினேன். நிமிர்ந்தால் பாதி ஊர் எங்களைச் சுற்றி நிற்கிறது! ஒரு பெரியவர் செம்பு நிறைய மோர் நீட்டி, "கம்பம் எங்கிட்டு நடுறீக?" என்று பவ்யமாக விசாரித்தார்.

கரண்டு இழுக்க அளவெடுக்க வந்த ஆபீசர்கள் என்று நினைத்துவிட்டார்கள். பாய்க்குப் பொய் வராது. மோரைக் குடித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிட்டார். கூட்டம் முகம் தொங்கிப்போய்க் கலைந்தது. செம்பைத் திருப்பி வாங்கிய பெரியவர் வானத்தை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "பட்சி தெனம் எங்க தலைக்கு மேலதான் பறக்குது சாமி. வராமக் கெடக்குறது கரண்டு மட்டுந்தான்."

தாடையைத் தூக்குங்க

கானமயில் கண்ணில் படாமல் மனசு விட்டுப்போகும்போது சிறுமலைக்குப் போவோம். வாழைத்தார் இறக்கும் குதிரைத் தடத்திலேயே ஏற வேண்டும். ஒருநாள் ஓடைக்கரையில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தோம். ஒரு குருவி வந்தது. உடம்பு கைக்குள் அடங்கும். வால் மட்டும் முழ நீளம், பால் வெள்ளை. கிளையிலிருந்து தண்ணீரில் விழும், எழும். வால் பின்னாலேயே நெளிந்து வரும். யப்பா! இப்படி ஒன்றைப் பார்க்காமலே செத்துப்போயிருப்பேனே என்று தோன்றியது.

அவசரமாகப் போகஸ் பண்ணினேன். பழக்க தோஷம், வாய் தானாகச் சொன்னது: "செத்த அசையாம இருங்க, தாடையைக் கொஞ்சம் தூக்குங்க." பாய் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். குருவி கிளம்பிவிட்டது. படத்தில் விழுந்தது ஒரே ஒரு வெள்ளைக் கோடு. அதையும் விடாமல் பிரேம் போட்டு மாட்டினேன். குடும்பப் படம் எடுக்க வந்த ஓர் அம்மாள் அதை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யாரு வீட்டுப் பிள்ளையோ ரிப்பனத் தொலைச்சிருக்கு, பாத்து எடுத்துக் குடுத்துருங்க தம்பி."

ஆறுமணிக் குருவி

நத்தத்தில் புளி உலுக்குகிற பருவம். தோப்புக்குள் நுழைந்த எங்களைக் குத்தகைக்காரர் மடக்கிவிட்டார். திருட வந்தவர்கள் என்றே முடிவு. "குருவி பாக்க வந்தீகளா? எங்க, காட்டுங்க பாப்போம்" என்று கம்பை ஊன்றிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பொழுது சாய்ந்தது. சீட்டி அடித்த மாதிரி ஒரு குரல் கேட்டது. "அந்தா, தெனம் ஆறு மணிக்குக் கத்துற சனியன்" என்றார்.

அந்தச் சனியன் சருகைக் கிளறிக்கொண்டு தத்தித் தத்தி வெளியே வந்தது. பச்சை முதுகு, தோளில் மின்னும் நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. சாய்ந்த வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. குத்தகைக்காரர் கம்பைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். அது போவதற்குள் ஒரு படம் எடுத்துவிட்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது, சொல்ல என்ன வெட்கம்.

குத்தகைக்காரர் சந்தைக்கு வந்தபோது படம் கேட்டு ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். என்னிடம் இருந்ததோ கறுப்பு வெள்ளைப் பிலிம். சாம்பல் நிறக் குருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "படம் சோக்காத்தான் இருக்கு அப்பு. கழுவையில கலரத்தான் விட்டுட்டீக."

வெறும் பிளாஷ்

வேடசந்தூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் விடிகாலை முகூர்த்தம். தாலி கட்டி முடிந்ததும் பொண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தேன். உடனே சித்தப்பா, மாமா, மச்சான் கூட்டம்: "எங்களையும் ஒண்ணு!" பிலிம் விற்ற விலைக்குக் கட்டுப்படியாகுமா? எங்கள் தொழிலில் இதற்கு வைத்தியம் உண்டு. பிலிமைத் தொடாமல் பிளாஷை மட்டும் அடிப்போம்; பளிச்சென்று வெளிச்சம் பட்டால் எல்லோருக்கும் திருப்தி. அப்படி நாலைந்து வெறும் பிளாஷ் அடித்துவிட்டு, பிலிமில் ஒன்றை மிச்சம் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன்.

வெளியே பாய் வைக்கோல் வண்டியோடு காத்திருந்தார். ஆளைக் கண்டால் ஓடுகிற கானமயில் மாட்டு வண்டியைச் சட்டை செய்யாது என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். வைக்கோலுக்குள் படுத்துக்கொண்டு பொட்டலுக்குள் போனோம். திடீரென்று பாய் என் தோளை அழுத்தினார்.

காய்ந்த புல்லுக்கு நடுவே அது நின்றது. வெள்ளைக் கழுத்தை நிமிர்த்தி, ஒவ்வோர் அடியாக அளந்து வைத்து நடந்தது, அந்தப் பொட்டலையே அதன் பேருக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "யா அல்லா" என்று பாய் முனகினார். கேமரா பட்டனை அமுக்கினேன். நாலு எட்டு ஓடி, கனத்த இறக்கையை அடித்து எழுந்து, மேற்கே போயே போய்விட்டது.

பிலிமைக் கழுவிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டேன். வெறும் பிளாஷ் அடித்த ஜோரில், பொண்ணு மாப்பிள்ளை படத்துக்கு அப்புறம் பிலிமை அடுத்த படத்துக்குச் சுற்றவே மறந்திருக்கிறேன். கல்யாணப் படத்தின் மேலேயே கானமயிலும் விழுந்திருந்தது! மாப்பிள்ளை மடியில் புல் முளைத்திருந்தது. இருவருக்கும் நடுவே, குத்துவிளக்கு உயரத்துக்கு, அது நின்றது. டீ மாஸ்டர் பார்த்தால் ஒட்டுவேலை என்பார். பாய் ஒரு வார்த்தை திட்டவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மறுவாரம் பாய் ஸ்டுடியோவில் இருந்தபோதே பொண்ணு, மாப்பிள்ளை, பொண்ணின் அப்பா மூவரும் படம் வாங்க வந்தார்கள். "என்னய்யா கூத்து இது?" என்று அப்பா எகிறினார். பொண்ணு படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது.

"அப்பா, இது நம்ம பொட்டல்ல நிக்குமே, அதுல்ல! ஆடு மேய்க்கையில பாத்தேன்னு சொன்னேன், நீங்க நம்புனீகளா?" என்றாள். பிறகு என்னிடம், "மாத்திறாதீக அண்ணே, இப்படியே குடுங்க. நான் ஊரவிட்டுப் போறேன்னு தெரிஞ்சு பாக்க வந்திருக்கு."

பாய் எழுந்து வந்தார். "நீயும் பாத்தியாம்மா?" என்று கேட்டார்.

"பாத்தேன்ல. என்னையத்தான் ஒருத்தரும் நம்பல."

பாய் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, எல்லாருக்கும் டீ சொல்லுங்க. அந்தக் கடையிலயே சொல்லுங்க."

அதற்கப்புறம் எத்தனையோ கல்யாணம் எடுத்துவிட்டேன். கூப்பிடாமல் வந்து, சாப்பாட்டைக் குறை சொல்லாமல், "இன்னொரு படம்" என்று என் உயிரை வாங்காமல் போன விருந்தாளி அந்த ஒருத்தர்தான்.