சுவரில் மூன்று தட்டு

போன செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். எங்கள் கல்லூரித் தேர்வுக் குழுத் தலைவரிடமிருந்து போன். "மேடம், உங்க சிஸ்டம் காப்பி அடிச்சவங்களைப் பிடிச்சிருக்கு! உடனே வாங்க!" குரலில் அவ்வளவு உற்சாகம்.

எனக்கும் உற்சாகம்தான். பின்னே? ராத்திரி பகலாக உழைத்து நான் உருவாக்கிய சிஸ்டமாயிற்றே. மாணவர்கள் வீட்டிலிருந்து ஆன்லைனில் தேர்வு எழுதுவார்கள். கேமரா வழியாக அவர்களைக் கவனிப்பது செயற்கை நுண்ணறிவு. யார் எழுதியது, ஒழுங்காக எழுதினார்களா, என்ன மார்க் என்பதையெல்லாம் பூட்டி வைப்பது பிளாக்செயின். பூட்டிவிட்டால் யாராலும் அழிக்க முடியாது. அமைச்சரே சிபாரிசு செய்தாலும் சரி... நானே நினைத்தாலும் சரி. இதைச் செய்தது, வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆளான நான்! (இதைச் சொல்லாமல் உனக்கு ஒரு வாரமும் பத்தி வராதா என்று தோழி கேட்கிறாள். வராது.)

போய்ப் பார்த்தால், ஸ்கிரீனில் முதல் ஆளாகக் கீர்த்தனா. இறுதியாண்டு மாணவி. எங்கள் தங்கவயல் பெண், வீடு ஆண்டர்சன்பேட்டையில். வேலைக்கான ஆர்டர் வந்துவிட்டது. இந்த ரிசல்ட்டைக் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள்.

வீடியோவில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். பக்கத்துச் சுவரிலிருந்து டக், டக், டக். அதற்குப் பின்னால் ஒரு பெண் குரல். கீர்த்தனா எட்டி, அதே சுவரை மூன்று முறை தட்டினாள். ஏதோ சொன்னாள். மறுபடியும் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

"மூணு தட்டுன்னா மூணாவது ஆப்ஷன் மேடம்! என்ன தைரியம் பாருங்க!" என்றார் தலைவர். என் சிஸ்டமும் சிவப்பு எழுத்தில் ஆமோதித்திருந்தது: வெளியாள் உதவி, சந்தேகம் மிக அதிகம்.

"சாயங்காலம் மாட்டின எல்லாரையும் சேத்து பிளாக்செயின்ல ஏத்திடலாம். அதுக்கப்புறம் இந்தப் பொண்ணு எங்கே போனாலும் இது கூடவே போகும்."

"கொஞ்சம் இருங்க சார்" என்றேன்.

ஏனென்றால், அந்தத் தட்டு எனக்குத் தெரியும். சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கு நடுவே ஒரே சுவர். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமாகியும் எப்போதாவது பூமிக்கடியில் 'தொம்' என்று ஒரு அதிர்வு வரும். பாத்திரமெல்லாம் கிணுகிணுக்கும். 'ஏர் பிளாஸ்ட்' என்போம், சுரங்கக் காலத்துப் பெயர். அடுத்த நொடி பக்கத்து வீட்டில் 'இருக்கியா?' என்று சுவரைத் தட்டுவார்கள். நாம் பதிலுக்குத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் கதவை உடைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்! முகத்தில் சோப்போடு தட்டியிருக்கிறேன். தூக்கத்தில்கூடத் தட்டியிருக்கிறேன்.

ஆனால் இது அந்தத் தட்டுதானா? தேர்வு நடந்த சனிக்கிழமை நான் பெங்களூரில் இருந்தேன். அன்று பூமி ஆடியதா, யாருக்குத் தெரியும்? ஒருவேளை நிஜமாகவே காப்பி அடித்திருந்தால்? ஊர்ப் பெண் என்றதும் சொந்த சிஸ்டத்தையே பொய் என்கிறாளே என்று பேச மாட்டார்களா?

தலைவர் எதிரிலேயே கீர்த்தனாவுக்கு போன் போட்டேன், ஸ்பீக்கரில். சனிக்கிழமை சுவரைத் தட்டியது யார், ஆன்சர் சொன்னார்களா என்று கேட்டேன்.

"செல்வி அக்கா தட்டுச்சு மேம். பூமி ஆடிச்சில்ல... 'கீறியாடி'ன்னு கேட்டுச்சு. கீறேன்க்கான்னு நானும் தட்டனேன். இன்னா மேம்... தப்பா?"

பின்னாலிருந்து இன்னொரு குரல், பக்கத்து வீட்டுச் செல்வி அக்காதான். "யாருடி, காலேஜா? குடு இங்க! இன்னாம்மா டீச்சரு, நீயும் நம்மூருதானே? எக்ஸாமுன்னா செத்தாப்பல உக்காந்துனு இருப்பாங்களா? நான் ஆன்சர் சொன்னேனாம்ல ஆன்சரு! எனக்குத் தெரிஞ்சா நானே போய் எழுதியிருக்க மாட்டேன்?"

தலைவருக்கும் எங்கள் ஊர்த் தமிழ் புரியும். ஆனாலும் சிரிக்கவில்லை. "அவங்க வேற என்ன சொல்வாங்க மேடம்?" என்றார். நியாயமான கேள்விதான். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

அப்போதுதான் நினைவு வந்தது. எங்கள் தங்கவயலிலேயே கோரமண்டல் பகுதியிலிருந்து ஒரு மாணவனும் அதே தேர்வை எழுதியிருந்தான். அவனுடைய வீடியோவைத் திறந்து அதே நிமிடத்துக்கு ஓட்டினேன்.

பேனாவைக் கடித்தபடி யோசித்துக்கொண்டிருக்கிறான். திடீரென்று படம் ஒரு உதறு உதறுகிறது. பின்னால் ஆணியில் மாட்டிய பை ஆடுகிறது. அவன் கேள்வியிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையை நீட்டிச் சுவரை மூன்று முறை தட்டுகிறான்.

அவன் ஏன் மாட்டவில்லை? மைக் மோசம். தட்டிய சத்தமே பதிவாகவில்லை!

தலைவர் இரண்டு வீடியோக்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். "எடுத்துடுங்க மேடம்" என்றார். சிவப்பை எடுத்தேன்.

நிம்மதியாக மூச்சு விட்டிருக்க வேண்டும். அதற்குள் அவர் கேட்டார் — "மாட்டின மத்தவங்க யாரும் உங்க ஊர் இல்லையே? ஏத்திடலாமா?"

எது சரி, எது சந்தேகம் என்று அந்த மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதற்கு நான் காட்டிய வீடியோக்களில் எல்லாம் கதவு சாத்திய தனி அறை, மேஜை, ஒரே ஒரு ஆள். அப்படி ஒரு அறையில் நான் ஒரு நாளும் படித்ததில்லை. பிறகு எப்படி அதுதான் வழக்கம் என்று எனக்குத் தோன்றியது?

"வேண்டாம் சார். ஒரு வாரம் தள்ளி வைங்க."

"ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிக் கேக்கப் போறீங்களா?"

"ஆமா சார்."

அடுத்த வீடியோவில் ராய்ச்சூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன். நொடிக்கொரு தரம் ஜன்னலைப் பார்க்கிறான். ஜன்னலுக்கு வெளியே என்ன? எனக்குத் தெரியாது. என் மெஷினுக்கும் தெரியாது.

ரிங் போய்க்கொண்டிருக்கிறது...