கைதட்டப் போன ஞாயிற்றுக்கிழமை

சினிமா விருது விழா என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிடுகிறது. கம்பெனி கேன்டீன் டி.வி.யில் அப்படி ஏதாவது ஓடினால், தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவேன். "இன்னாக்கா, உனக்கு அவார்டு குடுக்கலன்னு காண்டா?" என்று கூட வேலை செய்கிற பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களில் ஒருத்தியும் அந்த விழாவுக்குள் போய் உட்கார்ந்து பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்கிற இடத்தில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. என் அப்பாவும் இதே பேட்டையில்தான் இருந்தார். ஆந்திராவை ஒட்டி இருக்கிறவர்கள் நாங்கள், அப்பாவை நைனா என்போம். நைனா தகடு வெட்டுகிற பிரஸ்ஸில் நின்றவர். அந்த மெஷின் ஒரு நாள் அவருடைய வலது கையில் கட்டைவிரலை மட்டும் விட்டுவைத்தது. அதைப் பற்றி அவர் பெரிதாக அலுத்துக்கொண்டதில்லை. "சட்டைக்குப் பித்தான் போடறதுதான் பேஜாரு" என்பார், அவ்வளவுதான்.

பழைய படம் இருந்தால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். அதிலும் நாயகனை, நாயகியை அவர் பார்ப்பதே இல்லை. வேலைக்காரியாக, வீட்டுக்காரம்மாவாக, குழாயடியில் சண்டை போடுகிறவளாக நூறு படத்தில் வந்துபோன ஒரு நடிகை, அவர்தான் நைனாவுக்கு எல்லாம். டைட்டிலில் அந்தம்மா பேர் மற்ற பேர்களோடு நெருக்கிக்கொண்டு பொடி எழுத்தில் வரும். அதற்கே நைனா விசில் அடிப்பார். ஒரு படத்தில் அந்தம்மா இட்லி விற்கிறவர். மகன் ரயிலில் அடிபட்டுச் செத்துப்போன செய்தியை ஒரு ஆள் வந்து சொல்வான். அந்தம்மா அழ மாட்டார். தட்டில் மாவு ஊற்றிக்கொண்டே இருப்பார். குழி நிரம்பி, வழிந்து, அடுப்பில் சொட்டும். அந்த இடம் வந்தால் எங்கள் வீட்டில் ஃபேனைக்கூட நிறுத்திவிட்டுப் பார்ப்போம்.

பழசெல்லாம் தங்கம் என்று சொல்ல நான் வரவில்லை. பழைய படங்களிலும் குப்பை கொட்டிக் கிடக்கிறது. ஆனால் மூன்று நிமிஷம் வந்துபோகிறவர்கூட அந்த மூன்று நிமிஷத்துக்கு ஒழுங்காக வேலை செய்தார். அந்தம்மாவுக்கு ஐம்பது வருஷத்தில் யாரும் ஒரு சொம்பு கூடப் பரிசாகக் கொடுக்கவில்லை. இப்போதோ விருது என்பது கோயில் வாசல் பொங்கல் மாதிரி ஆகிவிட்டது, வந்து நின்றவருக்கெல்லாம் ஒரு தொன்னை. வந்தால் விருது, வரவில்லையென்றால் வந்த இன்னொருவருக்கு அதே விருது. என் வேலையில் ஒரு சாமான் அளவுக்குள் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் சிவப்புத் தொட்டி. அது பெரிய இடத்துச் சாமானா, நிகழ்ச்சிக்கு வருமா என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அன்றைக்கே என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் போனேன். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா கூட்டங்களுக்கு ஆள் சேர்த்து பஸ்ஸில் அனுப்புகிறவர். கட்சி மாநாட்டுக்கும் அவர்தான், டி.வி. நிகழ்ச்சிக்கும் அவர்தான். பூந்தமல்லிப் பக்கம் ஒரு பெரிய அரங்கத்தில் விருது விழா ஷூட்டிங், கைதட்ட ஆள் வேண்டும் என்று வந்தார். நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "நைனாவுக்குப் புடிச்ச அந்தம்மாவுக்கு வாழ்நாள் விருது தராங்களாமே" என்றார். அவ்வளவுதான், நைனா எழுந்து போய் சர்ச்சுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழம ஆராதனைய உட்டுட்டா வர?" என்று கேட்டேன்.

"கர்த்தரு எல்லா வாரமும் இருக்காரு. அந்தம்மாவுக்கு இந்த ஒரு நாளுதான்."

பகல் பன்னிரண்டுக்கெல்லாம் உள்ளே விட்டுவிட்டார்கள். மேடையில் ஒரு ஈ காக்கை இல்லை. காதில் மைக் மாட்டிய ஒரு ஆள் வந்து எங்களைச் சட்டை நிறம் பார்த்து இடம் மாற்றி உட்கார வைத்தான். இரண்டாவது வரிசையில் இருந்த நைனாவிடம் வந்ததும் நின்றான். "சார், உங்க கை ஃபிரேம்ல வருது. கடைசி வரிசைக்குப் போயிடுங்க." சார் என்று மரியாதையாகத்தான் சொன்னான். செருப்பைக் கழற்றியிருப்பேன், நைனா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "உடு. பின்னால குந்தினா மேடை முழுசாத் தெரியும்."

அதற்கப்புறம்தான் வேடிக்கை. வெறும் மேடையைப் பார்த்து எங்களைக் கைதட்டச் சொன்னார்கள். "இப்ப சிரிங்க." சிரித்தோம். "இப்ப எழுந்து நின்னு தட்டுங்க." தட்டினோம். "லேடீஸ் மட்டும் கண்ணத் தொடச்சிக்கோங்க." நானும் துடைத்துக்கொண்டேன், வெட்கமில்லாமல். எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்து வைத்துக்கொண்டு, யாருக்கு எது வேண்டுமோ அங்கே ஒட்டிக்கொள்வார்களாம். "பொணமே இல்லாம ஒப்பாரியா!" என்றார் நைனா. ஒற்றைக் கையால் அவருக்குச் சத்தமாகத் தட்ட வராது. "நா விசில் அடிக்கட்டா சார்?" என்று மைக் ஆளைக் கேட்டார். "விசில்லாம் வேணாம் சார், ஃபேமிலி ஷோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு இளம் நாயகனுக்கு மட்டும் மூன்று விருது. மூன்றாவது எதற்கு என்று கொடுத்தவருக்கே தெரியவில்லை, கையிலிருந்த அட்டையைப் பார்த்துப் படித்தார். இன்னும் படமே வெளிவராத ஒரு பெண்ணுக்கும் ஒன்று. நைனா எதற்கும் அசையவில்லை. வாசல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஆனபின், ஒரு நடனத்துக்கும் அடுத்த நடனத்துக்கும் நடுவில், மேடையில் விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தம்மாவை அழைத்து வந்தார்கள். படத்தில் பார்த்ததைவிட ரொம்பச் சின்ன உருவம். ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு, படி படியாகக் காலால் தடவி ஏறினார். கேடயத்தைக் கையில் திணித்தார்கள். அது கனமாக இருந்திருக்க வேண்டும், நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மைக்கைப் பிடித்து, "என்னை ஞாபகம் வச்சிருக்கீங்களா?" என்றார். அரங்கம் சும்மா இருந்தது. தட்டச் சொல்லி யாரும் கை காட்டவில்லை, நாங்கள் தட்டவில்லை. மதியத்திலிருந்து அப்படிப் பழக்கிவிட்டிருந்தார்கள்.

நைனா எழுந்தார். இடது கை விரலை மடித்து வாயில் வைத்து அடித்தார். முதலில் நீளமாக ஏறி, சட்டென்று அறுந்து, பிறகு இரண்டு குட்டி விசில். அவர் விசிலுக்கு எங்கள் தெரு நாய்கள்கூடத் திரும்பும். பொன்னேரிக் கொட்டகையில் டைட்டிலுக்கு அடித்த விசில் அது. அவருக்குத் தெரிந்த பெரிய மரியாதை அதுதான்.

எனக்கு ஏன் அப்படி ஆனது என்று இன்றுவரை தெரியவில்லை. முன்வரிசை மொத்தமும் திரும்பியது. நல்ல நல்ல புடவைகள், நல்ல நல்ல முகங்கள். நான் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து, "குந்து நைனா!" என்று கத்தினேன். அந்த இருட்டில் விசில் அடித்தது யார் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. என் சத்தத்தை வைத்துத்தான் மைக் ஆள் நேராக எங்களிடம் வந்தான். இரண்டு பேர் நைனாவின் அக்குளில் கை கொடுத்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் பின்னால் ஓடினேன். கதவு மூடுவதற்குள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். அந்தம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்து, சத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருந்தார்.

ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் பிரியாணிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தோம். அந்த மைக் ஆளின் குரல்வளையைப் பிடிக்க வேண்டும்போல் எனக்குக் கோபம். நைனாவுக்கு ஒரே ஒரு குறைதான். "அந்தம்மா இன்னா பேசினாங்கன்னு கேக்க முடியலியே. சரி, டி.வி.ல போடுவான், பாத்துக்கலாம்."

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் போட்டார்கள். நைனா ஆராதனை முடிந்து வரும்போதே அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். வீடு நிறைய ஆள். மூன்றரை மணி நேரம் ஓடியது. அந்தம்மா வரவே இல்லை. "மேலும் விருது பெற்றவர்கள்" என்று ஆறேழு போட்டோவை வரிசையாகக் காட்டினார்கள். அதில் ஒன்றாக, கேடயத்தை அணைத்தபடி, கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டார்.

அதற்குக்கூட நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்த இளம் நாயகன் மேடைக்கு வருகிற இடத்தில் ஒரு விசில் கேட்டது. நீளமாக ஏறி, அறுந்து, இரண்டு குட்டி விசில். அதன் வாலில், பாதியில் வெட்டின ஒரு பெண் குரல், "குந்து நை...". ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று எடுத்து அவனுக்கு ஊற்றிவிட்டார்கள். விசில் வேண்டாம் என்று சொன்னதும் அவர்கள்தான், விசிலடித்தவரை வெளியே தள்ளினதும் அவர்கள்தான். அக்கம்பக்கத்துக்காரர்கள், "ஏய், நைனா விசில்டா!" என்று கூச்சல் போட்டுச் சிரித்தார்கள்.

நைனா சிரிக்கவில்லை. "அது அவனுக்கு அடிச்சதில்ல" என்றார். இரண்டு தரம் சொன்னார். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் எழுந்து போனபின் டி.வி.யை அணைத்துவிட்டு, "அந்தம்மாவும் இந்நேரம் பொட்டி முன்னாடி குந்திக்கினு இருந்திருப்பாங்க இல்ல? நம்மள எப்ப காட்டுவான்னு?" என்று கேட்டார்.

அம்மா, இதை நீங்கள் எங்கேயாவது படித்தால், அந்த விசில் உங்களுக்கு அடித்தது. அதை அடித்தவர் கடைசி வரிசையில் இருந்தார். அவரை உட்காரச் சொன்னவள் நான்.