படகில் தைத்த வட்டங்கள்

வில்டா கிரென்ஷா ஒரே இடத்தில் உட்கார்ந்து எங்கள் படூக்கா ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்தில் சூடு பிடிப்பதற்குள் கடைசி வரிசை பெஞ்சு கிரீச்சிடும். வில்டா காற்று வாங்க வெளியே போகிறாள் என்று திரும்பிப் பார்க்காமலே எல்லோருக்கும் தெரிந்துவிடும். காலுறை மில்லில் வேலை பார்த்தாள், பள்ளிக்கூடச் சமையலறையில் பார்த்தாள், நெடுஞ்சாலை ஓட்டலில் பார்த்தாள், கொஞ்ச நாள் பூக்கடையிலும் நின்றாள். எந்த இடத்திலும் அவளைத் துரத்தவில்லை. அவளாகவே ஒரு காலையில் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்துவிடுவாள்.

கணவர் டாயில் இதற்கு நேர் எதிர். ரயில் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றபின், வண்டிக் கொட்டகையில் ஒரு முக்காலி போட்டு, ஊராரின் புல்வெட்டும் எந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டு பொழுதைப் போக்குவார். எங்கள் சர்ச்சில் டீக்கன். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வில்டா படகு வேலைக்குப் போன கதையை அவர்தான் எனக்குச் சொன்னார்.

"டாயில், நான் படகுல சமைக்கப் போறேன்" என்றாளாம் சாப்பாட்டு மேஜையில்.

"எந்தப் படகு?"

"சரக்கு ஏத்தின பார்ஜைத் தள்ளிட்டுப் போகுமே, அது. ஒரு மாசம் தண்ணியில, அரை மாசம் வீட்டுல."

"அங்க நடக்கறதுக்கு இடம் இருக்குமா?"

"அவ்வளவா இருக்காதுன்னு சொன்னாங்க."

டாயில் சோள ரொட்டியில் வெண்ணெயைத் தடவி முடித்துவிட்டுச் சொன்னாராம்: "பரவாயில்ல. நீ நின்னாலும் படகு நடக்கும்."

அப்படித்தான் அவள் ஐம்பதை நெருங்கும் வயதில் ஆற்றுக்குப் போனாள். நியூ ஆர்லியன்ஸ் வரை கீழே போய், மறுபடி மிசிசிப்பியில் ஏறி, எங்கள் ஒஹாயோ ஆற்றுக்குத் திரும்பும் படகு. போன சில மாதங்களில் முகமே தெளிந்துவிட்டது. ஆனால் வீட்டில் இருக்கும் அந்த அரை மாதம் பெரும்பாடு. சோபாவை ஜன்னலோரம் நகர்த்துவாள், மறுநாள் சுவரோரம் நகர்த்துவாள்.

அந்த நாட்களில்தான் எங்கள் புதன்கிழமைக் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தாள். சர்ச்சின் கீழ்த்தளத்தில் பெரிய மரச்சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து நாங்கள் ஒட்டுத்துணிப் போர்வை தைப்போம். தலைவி டாயிலின் அக்கா நெட்ரா. வசந்தத்தில் ஊரில் நடக்கும் போர்வைக் கண்காட்சிக்கு அந்த வருடம் ஒன்று அனுப்புவதாக இருந்தோம். வெள்ளைத் துணியில் வளைந்து ஓடும் பச்சைக் கொடி, கொடி நெடுகச் சிவப்புப் பழங்கள். பழம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்புத் துணி வட்டம். ஓரத்தை உள்ளே மடித்து, தையல் கண்ணுக்குத் தெரியாமல் கையால் தைக்க வேண்டும். இலையை யார் வேண்டுமானாலும் தைத்துவிடலாம். வட்டம்தான் மானத்தை வாங்கும். மடிக்க மடிக்க எங்காவது ஒரு மூலை முளைத்துவிடும்.

வில்டா சட்டத்தருகே உட்காருவாள், நாலு தையல் போடுவாள், காபி ஊற்றப் போவாள், ஜன்னல் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்ப்பாள். சட்டம் ஆடிக்கொண்டே இருக்கும்.

"உனக்குச் சட்டம் சரிப்படாது" என்றாள் நெட்ரா. "இந்தப் பழத்தையெல்லாம் படகுக்குக் கொண்டு போ. பையில போட்டுக்கலாம், நடந்துகிட்டே தைக்கலாம். எங்களுக்காவது நிம்மதியா இருக்கும்."

அடுத்த முறை வந்தபோது வில்டா ஒரு பிஸ்கட் டப்பாவை மேஜையில் கவிழ்த்தாள். நெட்ரா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"பழம்."

"உருளைக்கிழங்குன்னு நெனச்சேன்."

"சிவப்பு உருளைக்கிழங்கு நீ பார்த்ததே இல்லையா?"

"பார்த்திருக்கேன். கொடியில காய்ச்சுத்தான் பார்த்ததில்ல."

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். வில்டாவும் சிரித்தாள். ஆனால் வட்டங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி டப்பாவில் போட்டு மூடிய விதத்திலேயே அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது எனக்குத் தெரிந்தது.

படகில் அவளுக்கு வழி காட்டியது எஞ்சின் பார்க்கும் ஹோபர்ட். காபி குடிக்க வந்தவர், அவள் தானிய டப்பா அட்டையை வட்டமாக வெட்டி, அதன் மேல் துணியைச் சுற்றி இஸ்திரி போடுவதைப் பார்த்தார்.

"மிஸ் வில்டா, அட்டை நைஞ்சு போயிருக்கு. ஆவி பட்டா ஓரம் மடங்கத்தான் செய்யும். இரும்பு வேணும் உங்களுக்கு."

"இரும்புக்கு நான் எங்க போக?"

"நான் இரும்புக்குள்ளதான குடியிருக்கேன்."

போல்ட்டுக்கு அடியில் போடும் இரும்பு வட்டுகளான வாஷர்களை ஒரு கை நிறையக் கொண்டுவந்து கொட்டினார். வில்டா அவற்றைச் சோப்பு நீரில் கொதிக்க வைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தாள். வாஷரை விடக் கொஞ்சம் அகலமாகத் துணியை வெட்டி, ஓரமாகச் சுற்றி ஓட்டுத்தையல் போட்டு, நடுவில் வாஷரை வைத்து நூலை இழுத்தால் துணி சுருக்குப்பை மாதிரி அதைக் கவ்விக்கொண்டது. கஞ்சி தடவி இஸ்திரி போட்டு, ஆறியபின் நூலைத் தளர்த்தி வாஷரை வெளியே எடுத்தாள். தையல் பெரிதாக இருந்தால் ஓரத்தில் மூலை வருகிறது, பொடியாக இருந்தால் வருவதில்லை என்பதும் அங்கேதான் அவளுக்குப் புரிந்தது. எஞ்சின் அதிர்வில் மேஜை நடுங்கும். அதனால் அடுப்புத் திட்டில் இடுப்பைச் சாய்த்து நின்றபடி தைப்பாள். பீன்ஸ் வேகும் நேரத்தில் ஒன்று, ரொட்டி உப்பும் நேரத்தில் ஒன்று.

அடுத்த புதன்கிழமை நெட்ரா ஒரு வட்டத்தை எடுத்து விரல் நுனியால் அதன் ஓரத்தை முழுக்கச் சுற்றி வந்தாள். இன்னும் சிவப்புத் துணியை எடுத்து வில்டாவிடம் கொடுத்தாள். நெட்ராவிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

அந்தப் பிப்ரவரியில் டாயில் வண்டிக் கொட்டகையில் விழுந்து கிடந்தார். சூப் கொண்டுபோன நெட்ராதான் பார்த்தாள். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, படகுக் கம்பெனிக்குப் போன் செய்தாள். அவர்கள் வயர்லெஸ்ஸில் படகுக்குச் சொன்னார்கள். படகு அப்போது ஊருக்குக் கீழே, அக்கரைப் பக்கம் நின்றிருந்தது. காலையிலேயே மூடுபனி இறங்கி ஆற்றை மூடியிருந்தது. பார்ஜ்களின் முன்முனை மேல்தளத்திலிருந்தே தெரியவில்லை. பனி விலகும்வரை கரையோர மரங்களில் கட்டிப் போட்டிருந்தார்கள். ஆறு பெருகிக் கிடந்ததால் அந்த மரங்களும் இடுப்பளவு தண்ணீரில்தான் நின்றன. இறங்கி நடக்க நிலமே இல்லை.

வில்டா மேலே ஓடினாள்.

"கேப்டன், சின்னப் படகை இறக்குங்க. என்னை ஊர்க் கரையில விட்டா போதும்."

"மிஸ் வில்டா, நீட்டின கை எனக்கே தெரியல. நடு ஆத்துல எவனாவது பார்ஜோட மிதந்து வந்தா, நமக்குத் தெரியறதுக்குள்ள மேல ஏறிடுவான்."

"ஊர் இங்கதான இருக்கு! ரயில் சத்தம் கேக்குது!"

"கேக்குது. ஆனா தெரியல."

"அப்ப நான் வேலையை விட்டுடறேன். இப்பவே. இனிமே நீங்க எனக்குக் கேப்டன் இல்ல."

"சரி, விட்டுடுங்க. அப்பவும் பனி விலகாது, அம்மா." கேப்டன் அதை மெதுவாகத்தான் சொன்னார்.

அவள் தளத்தின் ஓரமாகப் படகைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கம்பிப்பிடியெல்லாம் ஈரம். ஒருமுறை கட்டியிருந்த கயிற்றின் மேல் கை வைத்து, தண்ணீர் எவ்வளவு ஆழம் இருக்கும் என்று எட்டிப் பார்த்ததாக என்னிடம் சொன்னாள். "மரத்துக்கு மரம் பிடிச்சிட்டே போயிடலாம்னு தோணுச்சுடி. ஆனா அது தப்பான கரை. அந்தப் பக்கம் போயி என்ன பண்ண?"

கடைசியில் சமையலறைக்குள் வந்தாள். சமைக்க வேண்டாம் என்று படகில் வேலை செய்யும் பையன்கள் சொல்லிவிட்டார்கள். அது இன்னும் மோசமாகிவிட்டது. டப்பாவைத் திறந்து தைக்க ஆரம்பித்தாள். தையல் நீண்டது, வட்டத்துக்கு மூலை வந்தது. பிரித்தாள். மறுபடி தைத்தாள், மறுபடி பிரித்தாள். ஹோபர்ட் வந்து எதிரே உட்கார்ந்தார். பெரிய எண்ணெய்க் கைகளைக் கழுவித் துடைத்துவிட்டு, அவள் தைத்துப் போட்டதை ஒவ்வொன்றாக எடுத்துக் கஞ்சி தடவி இஸ்திரி போட்டார். கோணல் வட்டங்களுக்கும் போட்டார். பனி கலைந்து படகின் மணி அடித்தபோது பிற்பகல் ஆகியிருந்தது.

டாயில் பிழைத்துவிட்டார். வலது கையும் காலும் பாதிதான் வேலை செய்தன. பேச்சு போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "சனியனே!"

எங்கிருந்து அந்தச் சொல் வந்ததென்று யாருக்கும் தெரியாது. வாழ்நாளில் அதைச் சொன்ன மனிதர் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் சனியனே, நன்றி என்றாலும் சனியனே. போதகர் வந்து அவர் கையைப் பிடித்து ஜெபித்துவிட்டு ஆமென் சொன்னபோது, டாயிலும் கண் கலங்கி, உருக்கமாக, "சனியனே" என்றார். நெட்ரா ஏப்ரன் கட்டியிருந்தால் அதால் முகத்தை மூடியிருப்பாள். வில்டா சமையலறைக்குள் ஓடிப்போய் ஐஸ் பெட்டியில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கே அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகு அவள் வீட்டிலேயே இருந்தாள். அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மூச்சு முட்டுகிறது. சுவரெல்லாம் கழுவினாள். கழுவிய சுவரை மறுபடி கழுவினாள். டாயிலுக்குச் சூப்பைப் பாதி ஊட்டிவிட்டு வாசல்வரை போய்த் திரும்புவாள். ஆற்றில் படகு ஊதினால் கையில் இருப்பதை வைத்துவிட்டு நின்றுவிடுவாள். அவர் கைக்குப் பயிற்சி வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர்ப் பந்தை டாயில் தூக்கி எறிந்தார். ஒருநாள் வட்டம் தைத்துக்கொண்டிருந்தவள், நூல் முனையை அவர் விரலில் சுற்றி, "இழு" என்றாள். அவர் இழுத்த இழுப்பில் நூல் அறுந்து வாஷர் தரையில் உருண்டது. "சனியனே!" என்று அவர் சிரித்தார். விழுந்தபிறகு அன்றுதான் முதலில் சிரித்தார்.

போர்வையின் கடைசிப் பழங்கள் அப்படி அவர் இழுத்தும் அவள் தைத்தும் முடிந்தவைதான்.

ஏப்ரலில், கண்காட்சிக்குக் கொஞ்சம் முன்னால், நெட்ராவும் நானும் அங்கே இருந்தபோது அது நடந்தது. வில்டாவின் படகுப் பை கதவோரம் கிடந்தது. டாயில் நாற்காலியிலிருந்து ஊன்றுகோலால் அதைக் காட்டி, "சனியனே" என்றார்.

"என்ன? எடுத்து உள்ள வைக்கணுமா?" என்றாள் வில்டா.

"சனியனே!" முகம் சிவந்துவிட்டது.

"போன்னு சொல்றியா, போகாதன்னு சொல்றியா? எனக்குப் புரியல டாயில்!"

அவர் எழுந்தார். யாரையும் பிடிக்க விடவில்லை. அந்தப் பாதிக் காலை இழுத்து இழுத்துக் கதவுவரை நடந்து, ஊன்றுகோலால் பையை நெம்பி வாசற்படிக்கு வெளியே தள்ளினார். பை புல்லில் போய் விழுந்தது. பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்து, மிகப் பணிவாக, "சனியனே" என்றார்.

நெட்ராவுக்கு நன்றாகவே புரிந்தது. "என்னை இங்க வந்து இருக்கச் சொல்றான்" என்றாள். "வாயில வேற வார்த்தை கிடைக்கலியாடா உனக்கு?"

"உன்னால முடியுமா நெட்ரா?" என்றாள் வில்டா.

"முடியாது. ஆனா உன்கூட இந்த வீட்டுல இருக்கறதை விட, நீ இல்லாத வீட்டுல இவன்கூட இருக்கறது எனக்குச் சுலபம். போ."

அவள் போனாள். அன்று பனியில் அவள் வேலையை விட்டதைக் கேப்டன் கணக்கில் வைத்திருக்கவில்லை. முதல் இரண்டு நாள் குற்ற உணர்வில் சாப்பிடவில்லையாம். அப்புறம் சாப்பிட்டாள். கண்காட்சியில் எங்கள் போர்வைக்குப் பரிசு இல்லை. பழங்கள் பழுதில்லை, கொடிதான் சீராக வளையவில்லை என்றார் நடுவர். கொடி தைத்தது நெட்ரா. வில்டா வீடு திரும்பியபோது நாங்கள் யாரும் அதைச் சொல்லவில்லை, நெட்ராவே சொன்னாள். "சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சு முடி. நாளைக்கு இந்தப் பேச்சை எடுத்தா நான் என் வீட்டுக்குப் போயிடுவேன்."

இப்படியே சில வருடங்கள் ஓடின. ஓர் அக்டோபரில், வில்டா வீட்டில் இருந்த நாட்களில், டாயில் தூக்கத்திலேயே போய்விட்டார். அதற்குப் பின் அவளைக் கட்டிப் போட ஒன்றுமில்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் படகேறினாள். பாதி மாதத்தில் மெம்பிஸில் இறங்கி, பேருந்து பிடித்துத் திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"தெரியலடி. படகு போயிட்டேதான் இருந்துச்சு. நான்தான் நின்னுட்ட மாதிரி இருந்துச்சு. பயமா போயிடுச்சு."

இப்போது நெட்ராவும் அவளும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். காலையில் சண்டை, மாலையில் சீட்டாட்டம். வில்டா சர்ச் வேனை ஓட்டுகிறாள். வயதானவர்களை மருத்துவரிடமும் கடைக்கும் கொண்டுபோய் விடுவது அவள் வேலை. போன செவ்வாய்க்கிழமை என்னையும் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். நேர்வழி இருக்க, ஆற்றோரமாக ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்திருந்த கிழவர், "மிஸ் வில்டா, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்" என்றார்.

"தெரியும்" என்றாள் அவள். வேகத்தைக் குறைக்கவில்லை.