அப்பாவுக்கு மலைதான் திசை

எங்கள் அப்பா பிறந்தது படவேட்டில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில். நெல்லும் கரும்பும் வைத்து எங்களை ஆளாக்கினார். கிணறு வற்றிய வருடங்களிலும் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டார். நேர்மையானவர், முன்கோபி. கிழக்கு மேற்கு மட்டும் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. உலகத்தில் இருந்தவை மலைப்பக்கம், மலைக்கு எதிர்ப்பக்கம் இரண்டுதான். உப்பு எங்கே என்று கேட்டால்கூட, "மலைப்பக்கம் இருக்கற டப்பாவுல பாரு" என்பார்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கச் சென்னைக்கு வந்தவர், பையனின் வேலையை விசாரிக்காமல் மொட்டைமாடிக்கு ஏறினார். நாலாபக்கமும் பார்த்துவிட்டு, "இன்னாங்க, இங்கேர்ந்து ஒண்ணுமே தெரியலியே! எங்க பொண்ணு எத்த வெச்சி வழி கண்டுபுடிக்கும்?" என்று சம்பந்தியிடமே கேட்டார். கல்யாணம் நடந்தது சம்பந்தியின் பெருந்தன்மை.

சென்ற ஆண்டு உடம்பு முடியாமல் அதே சென்னை வீட்டில், என்னிடம்தான் படுத்திருந்தார். மருத்துவர் கைவிரித்ததும், "மலைய பாத்துட்டு சாவறேன், வூட்டுக்கு இட்டுக்கினு போங்க" என்றார். அம்மாவும் நானும் அவரை வாடகைக் காரில் படுக்கவைத்துக் கிளம்பினோம். ஊர்வரை உயிர் தாங்குமா என்பது எங்கள் கவலை. ஓட்டுநர் செல்போனைப் பார்த்து வழி தெரிந்துகொள்கிறாரே என்பது அப்பாவின் கவலை.

செய்யாறு தாண்டியதும் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "அதோ மலை! அத்த பாத்துக்கினே போ தம்பி."

இடப்பக்கம், வானத்தின் அடியில் நீளமாக, கருநீலமாகத் தெரிந்தது. செல்போன் நேராகப் போகச் சொல்லியும் ஓட்டுநர் இடப்பக்கம் திருப்பினார். எந்தச் சரிவில் சாமை விளையும், எந்த ஓடை எங்கள் கழனிக்கு வரும் என்று அப்பா முகடு முகடாகக் காட்டிக்கொண்டே வந்தார். நானும் தலையாட்டினேன். அம்மா, சின்ன வயதில் தான் விறகு பொறுக்கிய இடத்தையே கண்டுபிடித்துவிட்டார்.

வந்தவாசி பலகை வந்தபோது, அந்த மலை எங்கள் கார் கண்ணாடியில் சடசடவென்று பொழியத் தொடங்கியது.

அம்மாதான், "இன்னாங்க, உங்க மலை ஒழுவுது" என்றார். அப்பா இருமல் வரும்வரை சிரித்தார். நோயில் படுத்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒருவழியாகச் சாயங்காலம் ஊர் சேர்ந்தோம். வாசலில் கட்டிலைப் போட்டு நிஜ மலையைக் காட்டினோம். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அது இன்னும் கொஞ்சம் ஒசரமா இருந்துச்சி" என்றார். அந்த வாரமே அமைதியாகப் போய்விட்டார்.

மருத்துவர்களுக்கும், ஓடிவந்து நின்ற உறவினர்களுக்கும், காரியம் முடியும்வரை சமைத்துப்போட்ட பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. காரியத்துக்கு அந்த ஓட்டுநர் தம்பியும் வந்திருந்தார். மேகம் என்று தெரியவில்லையா என்று அவரிடம் கேட்டேன்.

"திரும்பும்போதே தெரியுங்க்கா. படுத்த படுக்கையா வந்தவரு எழுந்து உக்காந்துட்டாரே, அது மலை இல்லன்னு எப்டிக்கா சொல்றது?" என்றார்.