பக்கத்து நாடா

எழுபத்தெட்டாம் வருஷம் ஒரு லீவு நாளில், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், குணசுந்தரி மகளைச் சேவூர்த் தறிக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். பட்டுச்சேலைக்குக் கரை சேர்க்க, நெய்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் வைத்த தனி நாடா தள்ள இன்னொருத்தர் வேண்டும். அன்று அந்த ஆள் வரவில்லை. முதலாளி ராஜவேலு குழந்தை கையில் ஒரு பிஸ்கட்டைத் திணித்து அங்கே உட்காரவைத்தார். குணசுந்தரி பல்லைக் கடித்துக்கொண்டு நெய்தாள்.

சாயங்காலம் அவர் சொன்னார்: "பொண்ணுக்குக் கை நல்லா வருது. பள்ளிக்கூடம் எதுக்கு? தெனம் இட்டுகினு வா."

மறுநாள் அவள் தனியாகத்தான் வந்தாள்.

"பொண்ணு எங்க?"

"பள்ளிக்கூடத்துல. ஆள் வேணும்னா உங்க பொண்ண இட்டுகினு வாங்க."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பிஸ்கட்டைத் தறிமேல் வைத்தாள்.

"அதுக்குக் குடுக்க நானே வாங்கியாந்துட்டேன்."