கல்லா, காலா: தாமோதரன் நினைவாக

ஆனையூரில் ஒரு புது வீட்டின் மாடிப்படியை அளந்துகொண்டிருந்தபோது ரேவதி போனில் கூப்பிட்டார். பழைய ஆபீஸில் எங்களோடு டைப்பிங் பார்த்தவர். “தாமு சார் போயிட்டாங்க, ஜெபா சார்” என்றார். எந்த சைட்டுக்கு என்று கேட்டேன். அவர் அழ ஆரம்பித்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த கொத்தனார் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் முனையை மெல்லக் கீழே வைத்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

தாமோதரனும் நானும் ஒரே வருஷத்தில் அந்த ஆபீஸில் சேர்ந்தோம். ஒரே வயது. அவன் படம் வரைகிறவன், நான் அந்தப் படத்தைக் கொண்டுபோய் சைட்டில் வேலை வாங்குகிறவன். அவன் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். என் வீட்டில் காலையும் மாலையும் ஜெபம். முதல் வாரத்திலேயே மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். டீ ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற ரகம் நான். அவன் டீயை ஆறவைத்து, அதன் மேல் ஆடை படிந்த பிறகு, அதை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடிப்பான். பார்க்கிற எனக்குத்தான் எரிச்சல் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆபீஸுக்கு ஒரு லேப்டாப் வந்தது. எங்கள் இன்ஜினியர் சார், சிங்கப்பூரிலிருந்து திரும்பிய சொந்தக்காரர் ஒருவரிடம் வாங்கியது. பெரிய டைரி அளவுதான் இருக்கும். திரையில் கலர் கிடையாது, எல்லாம் சாம்பல். சிலேட்டு என்று பெயர் வைத்தோம். ஆபீஸின் பெரிய கம்ப்யூட்டரில் ஓடிய வரைபட மென்பொருளை இதிலும் ஏற்றிவிட்டால், சைட்டுக்கே கொண்டுபோய் அங்கேயே படத்தைத் திருத்தலாம் என்பது சாரின் ஆசை. அதுவரை சைட்டில் ஓர் அளவு மாறினால் துண்டுக் காகிதத்தில் குறித்து எடுத்துவந்து, வரைந்து, பிரிண்ட் போட்டு மறுநாள் திரும்பப் போவோம்.

மென்பொருள் அதில் திறக்கவே மறுத்தது. கணக்குப் போடுவதற்கென்று தனியாக ஒரு சிப் வேண்டும் என்றது. சிலேட்டில் அது இல்லை. நான் இரண்டு நாள் முட்டிப்பார்த்துவிட்டு, இது டைப்பிங் பழகத்தான் லாயக்கு என்று கைகழுவினேன். தாமு டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நாலைந்து சாயங்காலம் பழியாய்க் கிடந்து ஒரு ஃபிளாப்பியோடு வந்தான். அதில் இருந்த சின்னப் புரோகிராம், சிப் இருப்பதுபோல மெஷினுக்குள் நடிக்கும். மென்பொருளும் நம்பித் திறந்துகொண்டது. “இல்லாததை இருக்குன்னு சொல்லுது மாப்ள. சொன்னதுக்காக அம்புட்டுக் கணக்கையும் தானே உக்காந்து போடுது, பாவம்” என்றான்.

பாவம்தான். ஒரு ஷெட்டின் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கோடாக மறுபடி வரையும். டீ சொல்லி, வந்து, குடித்து, கிளாஸைத் திருப்பிக் கொடுத்த பிறகும் கூரை வந்திருக்காது. நான் எழுந்து நடப்பேன், மேசையைத் தட்டுவேன், வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பொறு, வரைஞ்சுக்கிட்டு இருக்கு” என்பான். மெஷினைத் திட்டினால் அது வேகமாகப் போகாது, திட்டுகிறவனுக்குத்தான் மூச்சு வாங்கும் என்றும் ஒரு தடவை சொன்னான். அதற்கும் சேர்த்து அவனைத் திட்டினேன்.

அவன் சும்மா பொறுத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. மெஷினின் பாரத்தைக் குறைத்தான். படத்தில் இருக்கும் எழுத்துகளை வெறும் பெட்டிகளாகக் காட்ட வைத்தான். மவுஸைத் தொடாமல் கட்டளைகளைத் தட்டினான். எண்களைத் தட்டும்போது மட்டும் உதடு வீட்டுப் பாஷையில் முணுமுணுக்கும். முக்கியமாக, லேயர்களை மூடிவைத்தான். ஒரே படத்தைப் பல கண்ணாடித் தாள்களில் பிரித்து வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எப்படியோ, அப்படி. சுவர் ஒரு லேயர், கதவு ஒரு லேயர், தூண் ஒரு லேயர். வேண்டாததை மூடிவிட்டால் மெஷின் அதை வரையாது. பெரிய கம்ப்யூட்டரில் லேயருக்கு ஒரு கலர் உண்டு. சிலேட்டில் எல்லாமே சாம்பல் என்பதால் பெயரை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தட்டச் சுலபமாக இருக்கட்டும் என்று சின்னச் சின்னத் தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்திருந்தான்.

அழகர்கோவில் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அளவெடுக்கப் போனோம். வெயிலில் திரை தெரியவில்லை. தலையையும் சிலேட்டையும் சேர்த்து ஒரு துண்டால் மூடிக்கொண்டு உள்ளே தட்டிக்கொண்டிருந்தான். மண் சுமந்துகொண்டிருந்த ஓர் அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, சாருக்குச் சளியா, ஆவி பிடிக்கிறாரே என்று விசாரித்தார். நான் சிரித்து முடிப்பதற்குள் வேலியிலிருந்து ஒரு கை நொச்சித் தழையை ஒடித்துக்கொண்டு வந்துவிட்டார். தாமு முகமெல்லாம் வேர்த்து ஒழுக வெளியே வந்து, விஷயம் புரிந்து, தழையை வாங்கிப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான். அன்றைக்கு ஒரு பக்கச் சுவர் கோணலாக இருப்பதைக் கண்டுபிடித்துப் பந்தி ஹாலை அந்த இடத்திலேயே திருப்பி வரைந்து காட்டினான். மண்டபத்துக்காரர் சிலேட்டைத் தொட்டுப் பார்த்தார். அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை அவன் முகத்தில் அப்புறம் நான் அதிகம் பார்க்கவில்லை. காரணம் நான்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலைக்கு ஷெட் போட்டோம். குழி வெட்ட வேண்டிய நாளில் தாமுவின் தங்கைக்குக் கல்யாணம். முந்தின நாளே சிலேட்டை என்னிடம் கொடுத்து, படத்தைத் திறக்கவும் அளவு பார்க்கவும் சொல்லிக்கொடுத்தான். குறி போடுவதற்கு முன் தூண் லேயரையும் திறந்து பார்க்கச் சொன்னான். “கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்க மாப்ள” என்றான். மறுநாள் பக்கத்து மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்து சிலேட்டைத் திறந்தேன். கே, ஏ, எல் என்று ஒரு லேயர் திறந்திருந்தது. அதில் எட்டுச் சின்னச் சதுரங்கள், சம தூரத்தில், ஒரே வரிசையில். கால் என்று படித்தேன். இரும்பு ஷெட்டின் தூணைச் சைட்டில் நாங்கள் கால் என்றுதான் சொல்வோம். எட்டு இடத்திலும் சுண்ணாம்பு போட்டு வெட்டச் சொன்னேன்.

அது கால் இல்லை, கல். குழி வெட்டும்போது அளவு கலைந்துவிடாமல் இருக்க, தூண் வரிசைக்கு நாலடி வெளியே நடுவதற்காக அவன் குறித்துவைத்த அளவுக் கற்கள். அந்த ஏற்பாட்டை அந்த வேலைக்குத்தான் புதிதாகச் செய்திருந்தான். நாலாவது குழியில் கடப்பாரை தண்ணீர்க் குழாயில் இறங்கியது. அந்த வரிசையில் இருந்த அத்தனை பட்டறைகளுக்கும் இரண்டு நாள் தண்ணீர் இல்லை. ஆட்கள் திரண்டு வந்துவிட்டார்கள். சார் வந்தார். கல்யாண வீட்டிலிருந்து பட்டு வேட்டியோடு தாமுவும் வந்தான். எல்லா லேயரையும் திறந்து பார்த்தாயா என்று சார் என்னைக் கேட்டார். பார்த்தேன், வேறொன்றும் வரவில்லை என்றேன். தாமு குனிந்து, அதுவரை அணைக்காமல் இருந்த சிலேட்டில் ஒரு பட்டனைத் தட்டினான், பார்த்தான், மூடினான். “பேரை நான் தெளிவா வச்சிருக்கணும் சார்” என்றான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டி எடுத்து, என்னோடு சேர்ந்து குழிகளை மூடினான்.

இதுவரை பழைய ஆபீஸ்காரர்கள் உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாதது இனிமேல்தான். தூண் லேயர் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அவன் சொல்லியிருந்தான். திறக்கவும் செய்தேன். மெஷின் முதலிலிருந்து கோடு கோடாக வரைய ஆரம்பித்தது. சுற்றிலும் பத்து ஆட்கள் கடப்பாரையோடு நிற்கிறார்கள், மேற்கே மழை கட்டுகிறது. பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. அவன் வைத்த பெயர் என்னைக் குழப்பியது உண்மை. குழப்பம் தீர அவன் வழி சொல்லியிருந்தான், நான் அதற்குப் பொறுக்கவில்லை என்பதும் உண்மை. சாரிடம் நான் சொன்னது அப்பட்டமான பொய்.

அன்றோடு சிலேட்டு ஆபீஸை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. தாமுவும் சிலேட்டோடு சேர்ந்து உள்ளே உட்கார்ந்தான். சைட் பொறுப்பு முழுக்க எனக்கு வந்தது. கொத்தனார் முதல் கம்பி கட்டுகிறவர் வரை அவனைப் பார்க்கிறவர்கள் எல்லாம், “என்ன சார், கல்லா காலா?” என்று கேட்பார்கள். கப்பலூர்ப் பக்கம் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. ரேவதி கேட்டிருக்கிறார், சார் கேட்டிருக்கிறார். கூச்சமே இல்லாமல் நானும் கேட்டிருக்கிறேன். அவன் சிரிப்பான். அதற்குப் பிறகு அவன் லேயர்களுக்கு வைத்த பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம் நீளம் இருக்கும். அதற்கும் சிரித்தோம்.

நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பியிருந்தபோது பார்க்கப் போனேன். மனைவி சரோஜா காபி கொடுத்துவிட்டு, ரொம்பப் பேச விடாதீர்கள் என்று சொல்லி உள்ளே போனார். அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன், அன்றைக்கு நான் தூண் லேயரை முழுசாகப் பார்க்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன் என்று.

“தெரியும்” என்றான்.

நாம் தட்டுகிற கட்டளைகளெல்லாம் படத்துக்குப் பின்னால் ஒரு பக்கத்தில் எழுத்தாகவே கிடக்குமாம். ஒரு பட்டனைத் தட்டினால் தெரியுமாம். நான் தூண் லேயரைத் திறந்ததும், அடுத்த வரியிலேயே நிறுத்தியதும் அங்கே அப்படியே இருந்ததாம். பட்டு வேட்டியோடு குனிந்து அவன் பார்த்தது அதைத்தான். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது, பெயரும் மோசமாகத்தான் வைத்திருந்தேன், நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன் என்றான். பிறகு சிரித்தான்.

“பதினோரு வருஷம் மாப்ள. உன்னய விட அந்தச் சிலேட்டே பரவால்ல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவன் கொஞ்ச நேரம் அழ விட்டான். பிறகு, சாரிடமும் மற்றவர்களிடமும் சொல்லிவிட்டாயா என்று கேட்டான். இல்லை என்றேன். போனில் சொன்னால் நன்றாக இருக்காது, ரேவதி மகள் கல்யாணத்துக்கு எல்லோரும் வருவார்கள், அங்கே வைத்து எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்றேன். மூன்று வாரம்தானே என்றும் சொன்னேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பரவாயில்லை விடு என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். தாமு எதற்கும் அதைத்தான் சொல்வான். அன்றைக்குச் சொல்லவில்லை.

“சொல்லு மாப்ள. நான் இருக்கும்போதே சொன்னா எனக்கும் கேக்கும்ல” என்றான்.

ஆனையூரில் எனக்குப் போன் வந்தது அதிலிருந்து பன்னிரண்டாம் நாள். அவன் வீட்டு வாசலில் எல்லோரும் நின்றிருந்தோம். சார் என் தோளைப் பிடித்துக்கொண்டு, எப்பேர்ப்பட்ட மனுஷன், கல்லா காலா என்று எவ்வளவு கிண்டல் பண்ணினோம், ஒரு நாள் கோபப்பட்டதில்லை என்று கண்ணைத் துடைத்தார். சொல்ல வேண்டிய வார்த்தை என் வாய் வரைக்கும் வந்தது. சரோஜா நிமிர்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டிவிட்டு நின்றேன்.

போனவர் விட்டுச் சென்றதை எழுதி முடிப்பது வழக்கம். அவனுடைய பொறுமை என்னிடம் இருக்கிறது என்று எழுத எனக்கு ஆசைதான். இல்லை. இருந்திருந்தால் இந்தப் பக்கமே வேண்டியிருக்காது. என்னிடம் இருப்பது, வாழ்நாளில் அவன் தனக்கென்று என்னிடம் கேட்ட ஒரே ஒரு காரியம். சார், ரேவதி, அவனை அந்தப் பெயரால் கூப்பிட்ட மற்ற எல்லோரும்: தவறு என்னுடையது. அதை இப்போது நீங்கள் எல்லோரும் கேட்டுவிட்டீர்கள். அவனுக்குத்தான் கேட்கவில்லை.