படகுக்காரன் திரும்பி வரும் அத்தியாயம்

மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் அவருக்கு ‘மடிப்பு’ என்று பேர். அவர் தேய்த்து மடித்த படுக்கை விரிப்பில் ஓரத்தோடு ஓரம் ஒட்டி நிற்கும், ஒரு நூல் பிசகாது. மனைவி இறந்து ஆறாம் நாள் வேலைக்கு வந்தபோதும் பிசகவில்லை. அதுதான் கூடத்தில் எல்லோருக்கும் பயமாக இருந்தது. அழுகிற ஆளென்றால் முதுகைத் தடவிக்கொடுக்கலாம். தேய்த்துக்கொண்டே இருக்கிற ஆளை என்ன செய்வது?

அவருக்கு எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான். வேளாவேளைக்குச் சாப்பிட்டார், படுத்தால் தூங்கினார். ஒன்றே ஒன்று மட்டும் விடாமல் கூடவே வந்தது. அவள் இறந்த அன்றைக்கு வேலைக்குப் போயிருக்கக் கூடாதோ? காலையில் அவள், “எனக்கு இப்ப தேவலைங்க. நீங்க கெளம்புங்க, இல்லன்னா அங்க விரிப்பு மலையா குவிஞ்சிடும்” என்றாள். அவரும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்காராமல், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பத்தே முக்காலுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது.

கண்காணிப்பாளர் பதவிக்குப் பட்டம் வேண்டும் என்று அவர் தபால்வழிப் படிப்பில் சேர்ந்தபோது, அவளும் துணைக்குச் சேர்ந்துகொண்டாள். இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனவே நாவலெல்லாம் அவள் பங்கு, வரலாறு அவர் பங்கு என்று பாடத்தைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். சாயங்காலம் அவள் கதை சொல்வாள், அவர் கேட்டுக்கொள்வார். பிறகு அவர் போர்களையும் ஒப்பந்தங்களையும் ஒப்பிப்பார், அவள் கொட்டாவி விடுவாள். ஆளுக்குப் பாதி படித்து, இரண்டு வருடம் இரண்டு பேரும் முழுசாகத் தேறினார்கள்.

மிச்சமிருந்தது ஒரே தாள், ஒரு பழைய அமெரிக்க நாவல். ஆற்றங்கரையில் ஒரு படகுக்காரன், நோயில் கிடக்கும் அவன் மனைவி. பனிக்கட்டி மிதக்கிற ஆற்றைக் கடந்து அவன் டாக்டரைக் கூட்டி வருகிற முப்பத்தோராவது அத்தியாயம்தான் உச்சம். “கூட்டிட்டு வந்தான், பொழைச்சுட்டா. சுபம்” என்று சொல்லி அவள் புத்தகத்தை மூடியிருந்தாள்.

கிழிசல் தைக்கிற தையலக்கா விடவில்லை. “வருஷா வருஷம் அந்த அத்தியாயத்துலதான் கேக்கறாங்களாம். நீங்களே ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க, தம்பி.”

“எனக்குத்தான் கதை தெரியுமேக்கா.”

“தெரிஞ்சா என்ன, படிச்சா தேஞ்சா போயிடும்?”

அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் சட்டைக் கழுத்துப் பட்டியில் இருக்கிற இங்கிலீஷ். பிளீச் போடாதே, சூட்டைக் குறை. சாப்பாட்டு இடைவேளையில் அகராதியும் கையுமாக உட்கார்ந்து, சலவைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் வரிவரியாகத் தமிழில் எழுதிக்கொண்டார். பதினாலு பக்கத்துக்குப் பதினோரு நாள் பிடித்தது.

ஒன்பதாம் நாள் படகுக்காரன் டாக்டரோடு கரையேறினான். மனைவி செத்துப்போயிருந்தாள். மடிப்பு அந்தச் சொல்லை அகராதியில் இரண்டு தடவை பார்த்தார். வேறு பொருள் எதுவும் போட்டிருக்கவில்லை.

பதினோராம் நாள் பக்கத்து வீட்டுக்காரி படகுக்காரனிடம் உண்மையைச் சொன்னாள். டாக்டர் வந்தாலும் பயனில்லை என்று உன் மனைவிக்குத் தெரியும். தான் போவதை நீ பார்க்க வேண்டாம் என்றுதான் உன்னை அக்கரைக்கு அனுப்பினாள்.

மடிப்பு சீட்டை வைத்துவிட்டு எழுந்து போய் இஸ்திரியைச் சூடேற்றினார். அவர் மனைவியும் இதைப் படித்தவள்தான். படித்ததை மறைத்து, பிழைத்தாள் என்று அவரிடம் கதை கட்டியவள். கடைசியில், ‘தேவலை’ என்று சொல்லி அனுப்பி, இதே வேலையை அவரிடமே காட்டிவிட்டாள். இவ்வளவும் புரிந்தது, ஆனாலும் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அன்று ஒரு விரிப்பில் மட்டும் ஓரம் இரண்டு விரல் தள்ளி நின்றது. தையலக்கா பார்த்துவிட்டு, திரும்ப மடித்து வைத்தாள்.

தேர்வில் முதல் கேள்வியே அதுதான். ‘மனைவியை விட்டுப் போனது படகுக்காரனின் தவறா? ஆராய்க.’ பதிலைத் தமிழில் எழுதலாம். தவறில்லை என்று தொடங்கி, ஆறு, பனிக்கட்டி, துடுப்பு என்று இரண்டு பக்கம் வழவழவென்று எழுதினார். பிறகு பேனா நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, அழுத்தி எழுதினார்.

‘தவறு அவளுடையது. அவனால் தாங்க முடியாது என்று அவளாக முடிவு கட்டிவிட்டாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். அந்தக் கடைசி ஒரு மணி நேரம் அவனுக்குச் சேர வேண்டியது.’

அவள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு சேர்த்து, அத்தனை நாளும் வராத அழுகையும் குபுக்கென்று வந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் பெஞ்சில் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதார்.

மேற்பார்வைக்கு நின்ற டீச்சர் பதறி ஓடி வந்தாள். “என்ன சார், கேள்வி கஷ்டமா இருக்கா?”

“இல்லீங்க,” என்றார் மடிப்பு. “தெரிஞ்ச கேள்விதான்.”